முதலாம் எண் வீட்டுக்கு ஒரு நிமிட மௌனம்

எங்கள் சங்கத்தில் ஓட்டுப் போடுவது என்றால் எழுந்து நிற்பது. நின்றால் ஆதரவு, உட்கார்ந்திருந்தால் எதிர்ப்பு. ஆரம்பத்தில் ஊர் உலகத்தைப் போல நாங்களும் கையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கூட்டத்தில், இன்னொரு போண்டா வேண்டும் என்று டீக்கடைக்காரரைப் பார்த்து நான் கையைத் தூக்கிய நேரத்தில் தண்ணீர்க் கட்டண உயர்வு ஓட்டுக்கு வந்துவிட்டது. என் கை ஆதரவுப் பக்கம் சேர்ந்துவிட்டது. குடியிருப்போர் அந்த உயர்வை இன்றைக்கும் போண்டா வரி என்றுதான் சொல்கிறார்கள். கட்டும்போதெல்லாம் என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் குழுவில் என்னோடு இருந்த திருவேங்கடம் இந்த நிற்கும் முறையைக் கொண்டுவந்தார். போண்டாவுக்காக எவனும் எழுந்து நிற்கமாட்டான் என்பது அவருடைய வாதம். என்னைச் சரியாகத் தெரியாதவர்.

சங்கத்தின் முழுப்பெயர் ஏரிக்கரை நகர் வாடகை வீட்டுவசதிச் சங்கம். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம், பஸ் போகிற சாலையை ஒட்டி, சொந்த வீடு கட்ட வக்கில்லாதவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். வாடகை குறைவு, சுவரும் அதற்கேற்ற மாதிரிதான். நிர்வாகக் குழுவில் ஊர்க் கவுன்சிலர்கள் நான்கு பேர், குடியிருப்போர் மூன்று பேர். தலைவர் எப்போதும் கவுன்சிலர்தான். நாலுக்கு மூன்று என்பதால் எங்கள் எதிர்ப்பெல்லாம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளத்தான் உதவும். ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. ஒரு வீட்டைக் குடியிருப்பவரிடமிருந்து சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால், குடியிருப்போர் பிரதிநிதிகள் மூவருமே எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் வீட்டைத் தொட முடியாது. சங்கத்தைத் தொடங்கியபோது யாரோ ஒரு நல்ல அதிகாரி போட்டுவைத்துவிட்டுப் போன விதி அது. எங்களிடம் இருந்த ஆயுதமும் அது ஒன்றுதான்.

அந்த மூவரில் முதலாவது திருவேங்கடம், பஸ் கண்டக்டர். இரண்டாவது வேண்டா, பால்வாடியில் ஆயா. மூன்றாவது பட்டாபிராமன் என்கிற நான், உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். அவர்கள் இரண்டு பேரும் தைரியத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நான் ஜோக் அடிப்பேன் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். கூட்டம் என்றால் போரடிக்கும், ஒரு ஆளாவது சிரிக்கவைக்கட்டுமே என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஜனநாயகத்தில் இதைவிட மோசமான காரணங்களுக்கெல்லாம் ஆட்கள் ஜெயித்திருக்கிறார்கள் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

திருவேங்கடத்தின் வீடு முதலாம் எண். சாலை முனையில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே. அவர் மனைவி வரலட்சுமி முன்னறையில் பெரிய கிரைண்டர் ஒன்றைச் சிமெண்டு மேடை கட்டிப் பதித்திருந்தார். காலையிலிருந்து அரிசியும் உளுந்தும் ஊறவைத்த தூக்குகளோடு பெண்கள் வாசலில் காத்திருப்பார்கள். பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்கள்கூட அரைத்துக்கொண்டு போவார்கள். முனை வீடு என்பதால்தான் அந்த வியாபாரம். அதே காரணத்துக்காகத்தான் தலைவர் ரஞ்சித்குமாருக்கும் அந்த வீட்டின் மேல் கண். அவர் மைத்துனருக்கு எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைக்க அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது.

ரஞ்சித்குமார் கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஜல்லி லாரிகள் ஓடுகின்றன, வெள்ளைச் சட்டை கசங்காது, குரல் உயராது. பெரியவர்களை அண்ணாத்த என்பார், பெண்களை அம்மா என்பார், என்னை வாத்தியாரே என்பார். முதலாம் எண் வீட்டை எடுக்க மூன்று முறை தீர்மானம் கொண்டுவந்தார். கிரைண்டரால் சுவர் அதிருகிறது என்று ஒரு தடவை, சாலை விரிவு என்று ஒரு தடவை, இன்னொரு காரணம் எனக்கே மறந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் திருவேங்கடம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். "உக்காரு வாத்தியாரே," என்பார் மெதுவாக. "நம்மகிட்ட கீறது ரெண்டு காலு இல்ல, ஒரு நாற்காலிதான்."

மூன்றாவது தடவை ரஞ்சித்குமார் சிரித்தபடியே சொன்னார்: "இப்படி உக்காந்துகினே செத்துடுவ போலக்கீது அண்ணாத்த."

எல்லோரும் சிரித்தார்கள். திருவேங்கடமும் சிரித்தார். நானும்தான், நல்ல ஜோக்கை யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இதற்கு நடுவில் இன்னொரு போராட்டமும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கூட்டங்களில் முதல் பொருள் எப்போதும் இரங்கல் தீர்மானம். தலைவரின் மாமனார், இன்னொரு கவுன்சிலரின் பெரியம்மா, எங்கேயோ டெல்லியில் இறந்துபோன யாரோ ஒருவர், எல்லோருக்கும் நாங்கள் எழுந்து ஒரு நிமிடம் தலை குனிந்திருக்கிறோம். ஆனால் எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால் கூட்டம் நேராக இரண்டாம் பொருளுக்குப் போய்விடும். திருவேங்கடத்துக்கு இது பொறுக்கவில்லை. உங்க மாமனாருக்கு நாங்க நின்னோம், எங்காளு செத்தா நீங்க நிக்கமாட்டீங்களா என்று ஒரு வருஷம் சண்டை போட்டார். வேண்டா மேஜையைத் தட்டினாள். நான் அதைப் பற்றி ஒரு வெண்பா எழுதி வாசித்தேன், அதில் தளை தட்டியது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் ரஞ்சித்குமார் இறங்கிவந்தார். இனிமேல் குடியிருப்போர் யார் இறந்தாலும் கவுன்சிலர் வீட்டுச் சாவுக்குச் சமமாக இரங்கல் தீர்மானம், ஒரு நிமிட மௌனம். சங்கத்தில் நாங்கள் ஜெயித்த ஒரே கோரிக்கை. அன்று வாணவேடிக்கை ஒன்றுதான் பாக்கி.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், டிப்போவில் ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாயில் வைத்த திருவேங்கடம் அப்படியே போய்ச் சேர்ந்தார். உட்கார்ந்தபடியே. பக்கத்திலிருந்தவர் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, டீ சிந்தாமல் கிளாஸை வாங்கி ஓரமாக வைத்தாராம்.

வீடு அவர் பெயரில் இருந்தது. வரலட்சுமியின் பெயருக்கு மாற்றினால்தான் அவர் அங்கே இருக்க முடியும். மாற்றாவிட்டால் பிள்ளையோ குட்டியோ இல்லாத அந்த அம்மாளுக்கு வீடும் இல்லை, கிரைண்டரும் இல்லை. திருவிடந்தையில் தம்பி இருக்கிறார். கடல் மணலில் இரண்டு அறை, ஆறு பேர், கிரைண்டரை ஓட்டினால் தெருவிளக்கே மங்கிப்போகும் கரண்டு. அதனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு ரஞ்சித்குமார் மாலையோடு வந்து நின்றபோது வேண்டா எழுந்து வரலட்சுமிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்துக்கு மாலை போட்டு, தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்தயோட சீட்டு உங்களுக்குத்தான்மா. வூடும் உங்க பேருக்குத்தான். சீட்டை உடனே முடிச்சிடலாம், வூட்டை அடுத்த கூட்டத்துல. நான் கீறேன், நீங்க எதுக்கும் பயப்படாதீங்க," என்றார்.

சீட்டு உடனே வந்தது. இறந்தவரின் இடத்தில் அவர் மனைவியை நியமிப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை, கவுன்சிலர்கள் நான்கு பேரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். திருவேங்கடம் உயிரோடு இருந்தபோது அவருடைய பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள். பர்வதத்திடம், அதாவது என் மனைவியிடம், மனிதர்கள் மாறுகிறார்கள் என்று சொன்னேன். "மனுஷா மாறலை. அவர் போயிட்டார், அவ்வளவுதான்," என்றாள் அவள். பர்வதத்துக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்பது என் நீண்ட நாள் கருத்து.

வீட்டைப் பெயர் மாற்றும் கூட்டத்தை மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் வைத்தார்கள். உறுப்பினர் பயிற்சி முகாம் என்று பெயர். திருக்கழுக்குன்றம் வழியாக வேனில் போனோம். வேண்டா, ஓட்டல் சாப்பாட்டை நம்பாமல் தூக்கு நிறையப் புளிசாதம் கட்டி எடுத்துவந்திருந்தாள். வரலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து, கூட்டத்தில் என்ன பேசுவது என்று உதட்டுக்குள்ளேயே பழகிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒருமுறை சொல்லிக் காட்டினார்: தலைவர் அவர்களே, என் வீட்டுக்காரர் பெயரில் உள்ள வீட்டை என் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 'தருமாறு' வரும்போதெல்லாம் நாக்கு புரண்டது. குடுங்க என்று சொன்னாலே போதும் என்றேன். அது மரியாதையாக இருக்காது என்றார்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சிற்பப் பட்டறை முன்னால் ரஞ்சித்குமார் வேனை நிறுத்தச் சொன்னார். உளிச் சத்தத்துக்கு நடுவே உள்ளே போய், யாரிடமோ விரலால் அளவு காட்டிப் பேசிவிட்டு வந்தார். எதுக்குத் தலைவரே, உங்களுக்குச் சிலையா என்று கேட்டேன். வேன் சிரித்தது.

"எனக்கு எதுக்கு வாத்தியாரே? எல்லாம் அண்ணாத்தைக்குத்தான். பேர் வெட்டச் சொல்லிக்கீறேன்," என்றார்.

வரலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேண்டா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்: எப்பவும் வெளையாட்டுத்தானா உங்களுக்கு.

ஓட்டலில் ஏ.சி. ஹால். கண்ணாடிக்கு வெளியே கடல் சத்தமில்லாமல் அலையடித்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு மேஜையில் திருவேங்கடத்தின் படம், சாமந்தி மாலை, ஊதுபத்தி. போட்டோக்காரர் ஒருவரைக்கூட ஏற்பாடு செய்திருந்தார்கள். குளிரில் வரலட்சுமி முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டார். முதல் பொருள் இரங்கல், இரண்டாம் பொருள் பெயர் மாற்றம்.

எல்லோரும் எழுந்தோம். ரஞ்சித்குமார் மைக்கைப் பிடித்தார். யாரோ எழுதிக் கொடுத்த தமிழ், ஆனால் அருமையாகப் படித்தார். உழைப்பால் உயர்ந்தவர், நேர்மையின் இருப்பிடம், ஏழைகளின் குரல். ஒவ்வொரு அடைமொழிக்கும் வரலட்சுமியின் தோள் குலுங்கியது. கணவனுடைய பெயரை மைக்கில் 'அன்னார்' என்று அந்த அம்மாள் முதல் தடவையாகக் கேட்கிறார். சில்லறை இல்லையா, இறங்கு என்று கத்திக்கொண்டிருந்த மனிதர் அன்னார் ஆகிவிட்டார். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது.

"அன்னார் வாழ்ந்து மறைந்த முதலாம் எண் இல்லத்தைச் சங்கத்தின் பொறுப்பில் ஏற்று, அன்னாரின் புகழ் என்றென்றும் நிலைத்திடும் வண்ணம் திருவேங்கடம் நினைவுப் படிப்பகமாக அமைத்திட இக்குழு ஒருமனதாகத் தீர்மானித்து, அன்னாரின் ஆன்மா சாந்தியடைய ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கிறது."

மைக் கீழே இறங்கியது. தலைகள் குனிந்தன. மௌனம் தொடங்கிவிட்டது.

நான் சுற்றிப் பார்த்தேன். வேண்டா கண்ணை இறுக மூடியிருந்தாள். வரலட்சுமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். மூன்று பிரதிநிதிகள், மூன்று பேரும் நின்றுகொண்டிருக்கிறோம். நிற்பது ஆதரவு. இறந்தவனுக்காக நிற்கிறோமா, வீட்டை எடுக்க நிற்கிறோமா என்று நம் காலைப் பார்த்து எவன் கண்டுபிடிப்பான்? ரஞ்சித்குமார் மட்டும் தலையைக் குனிந்தபடியே கண்ணைத் தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுகிற சமையல்காரர் மாதிரி.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சிநேகிதனின் படத்துக்கு முன்னால், மௌன அஞ்சலியில், அவன் மனைவி கும்பிட்டு நிற்கும்போது நீங்கள் பேசிப் பாருங்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. பேசாமலும் எதிர்க்க ஒரு வழி இருக்கிறது, அதைக் கற்றுக்கொடுத்தவர் எதிரே மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் உட்கார்ந்தேன்.

ஓட்டல் நாற்காலி, என் எடைக்குக் கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அந்த மௌனத்தில் அது வேறு மாதிரிச் சத்தமாகக் கேட்டது. கவுன்சிலர் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டார், இன்னொருவருக்கு முதுகு குலுங்கியது. வாத்தியார் ஆரம்பிச்சிட்டார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேண்டா கண்ணைத் திறந்து பார்த்த பார்வையில் நான் ஒரு புழு. நான் அவளைப் பார்த்துக் கண்ணால் என்னென்னமோ சொன்னேன். என் முகம் அப்படிப்பட்டது, எதைச் சொன்னாலும் கோணங்கி மாதிரித்தான் தெரியும்.

வரலட்சுமி திரும்பினார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்த முகம். குனிந்து, என் கையைப் பிடித்தார்.

"எழுந்திருங்க சார்," என்றார். "அந்த மனுசனுக்காக ஒரு நிமிசம் நிக்கக் கூடாதா?"

பிடித்து இழுத்தார். காலமெல்லாம் கிரைண்டர் குழவியைத் தூக்கி இறக்கிய கை. நான் எழுந்தேன்.

போட்டோக்காரரின் விளக்கு மின்னியது.

மௌனம் முடிந்ததும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று ரஞ்சித்குமார் அறிவித்தார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. வந்ததென்ன, கொட்டியது. இது இரங்கல், ஓட்டு இல்லை, நான் உட்கார்ந்தேன், எல்லோரும் பார்த்தார்கள் என்றேன்.

"உக்காந்தீங்க, யாரு இல்லேன்னது? அப்பால நின்னீங்களே வாத்தியாரே. கடைசியா நின்னது நீங்கதான்."

இரண்டாம் பொருள் தேவையற்றதாகிவிட்டது என்றும், சாப்பாடு தயார் என்றும் அவரே சொன்னார். என்னா சொல்றாரு என்று வரலட்சுமி வேண்டாவைக் கேட்டார். வேண்டா சொல்லச் சொல்ல அவருக்கு மெதுவாகப் புரிந்தது. தலைவரே என்று அவர் எழுந்தார். பழகி வந்த வாக்கியம் முழுசும் மறந்துபோயிருந்தது.

"அப்போ என் வூடு?"

"அது இனிமே அண்ணாத்த வூடும்மா. ஊருக்கே பொதுவான வூடு. உங்களுக்குப் பெருமைதானே?" என்றார் ரஞ்சித்குமார். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அத்தனை கனிவாகச் சொன்னார்.

சாப்பாடு மேஜையில் வரிசையாக வைத்து நாமே எடுத்துப்போட்டுக்கொள்கிற முறை. வெட்கக்கேடு, நான் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட்டேன், அது தட்டில் வந்து விழுந்துவிட்டது. வரலட்சுமி கண்ணாடிப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வருகிற வழியில் வேண்டா புளிசாதத்தைத் திறந்து நீட்டினாள், அதையும் தொடவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி இல்ல சார், அப்பவே?"

"தெரிஞ்சுதும்மா. அதான் உட்கார்ந்தேன்."

வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அவர் தன் கையையே பார்த்தார், என்னைப் பிடித்து இழுத்த கையை.

"நீங்க எப்பவும் போல வெளையாடுறீங்கன்னு நெனச்சேன் சார்," என்றார்.

அன்று இரவு பர்வதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் பாயை உதறிப் போட்டாள். அப்புறம், "ஊரையே சிரிக்க வெச்சேள். ஒருத்தி நம்பறதுக்கு ஒரு மூஞ்சி வெச்சுக்கலையே," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மேலிடத்துக்கு முறையிட்டோம். விசாரணைக்கு வந்த அதிகாரி நல்லவர்தான், பொறுமையாகக் கேட்டார். ரஞ்சித்குமார் போட்டோவை எடுத்து வைத்தார். அதில் எல்லோரும் நிற்கிறார்கள். நான் பாதி எழுந்த நிலையில், வாய் திறந்து, சிரிப்பது போலவே இருக்கிறேன். வரலட்சுமி என் கையைப் பிடித்துத் தூக்குகிறார். வீட்டுக்காரம்மாவே உங்களைத் தூக்கி நிறுத்துகிறாரே என்றார் அதிகாரி. அதுதான் சார் நடந்தது, ஆனா அது இல்லை சார் நடந்தது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வாடகைக்குக் குடியிருப்பவர்தான் குழுவில் இருக்கலாம் என்பது இன்னொரு விதி. வீடு போனதும் சீட்டும் போனது. அந்தத் தீர்மானத்துக்கு நானும் வேண்டாவும் சேர்ந்தே உட்கார்ந்தோம். அதற்கு எங்கள் சம்மதம் தேவைப்படவில்லை. காலியான இடத்துக்கு, லாரி ஓட்டிக்கொண்டு புதிதாகக் குடிவந்திருந்த ஒருவர் போட்டியின்றி வந்தார். யாருடைய லாரி என்று சொல்லவேண்டியதில்லை.

படிப்பகத் திறப்பு விழா தை மாதத்தில். சிமெண்டு மேடையை இடித்து, கிரைண்டரை மாட்டுவண்டியில் ஏற்றித் திருவிடந்தைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அது தம்பி வீட்டு வாசலில், மேலே சாக்குப் போட்டு மூடி, கோழி ஏறி உட்கார்வதற்கு வசதியாக இருப்பதாக வேண்டா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். முன்னறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தரையில் மேடை இருந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. அதை மறைக்க அதன் மேல் குத்துவிளக்கை வைத்திருந்தார்கள். சுவரில் மாமல்லபுரத்துக் கருங்கல், தங்க நிற எழுத்து. 'குடியிருப்போரின் காவலர்' என்று வெட்டியிருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாளிதழ்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் டெலிபோன் வயர் ஒன்று புதிதாக உள்ளே இறங்கி, எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

விளக்கேற்றி வைக்க வரலட்சுமியைத்தான் அழைத்திருந்தார்கள். ரஞ்சித்குமாரே காரை அனுப்பிக் கூட்டிவந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். விளக்கை ஏற்றினார். அந்த இடத்தில் குனிந்தபோது கை தானாகவே பக்கவாட்டில் போய், முன்பு கிரைண்டர் சுவிட்ச் இருந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

சாலையை மறித்துப் போட்ட பந்தலில் ஜனம் நிறைந்திருந்தது. எல்லாம் எங்கள் குடியிருப்போர்தான்; சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ரஞ்சித்குமார் மைக்கைப் பிடித்து, அன்னாருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள்.

வரலட்சுமி வாசல்படிக்கு வந்தார். புடவையை ஒதுக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், படியில் உட்கார்ந்தார். முதுகை நிலைப்படியில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் சாய்கிற மாதிரியே.

ஐயோ மயக்கம் என்றார்கள் முன்வரிசையில். பாவம், தாங்கல போலக்கீது. ரஞ்சித்குமார் மைக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தார், சோடா கொண்டுவரச் சொன்னார். எதிர்க்கடையிலிருந்து சோடா வந்தது. அவர் கையாலேயே உடைத்து, வரலட்சுமியின் முகத்தில் தெளித்தார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்; சோடா நேராகக் கண்ணுக்குள் போனது.

"எனக்கு மயக்கம் இல்ல," என்றார். "நான் உக்காந்துகினு கீறேன்."

"ஆமாம்மா, உக்காருங்க, நல்லா உக்காருங்க," என்றார் ரஞ்சித்குமார். முதுகைத் தடவிக்கொடுத்து, கூட்டத்தைப் பார்த்து, "காத்து வுடுங்கப்பா," என்றார்.

நான் போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பியது. வாத்தியாருக்கும் ஒரு சோடா ஒடைங்கப்பா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் பந்தலே அதிர்ந்தது. எத்தனையோ வருஷமாக ஜோக் அடிக்கிறேன், அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. வேண்டா சிரிக்கவில்லை. வந்து மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். மூவரும் அப்படியே இருந்தோம். பழைய கூட்டமாக இருந்தால் ஒருவர் உட்கார்ந்திருந்தாலே போதும், வீட்டைத் தொட்டிருக்க முடியாது.

வரலட்சுமியின் முகத்திலிருந்து சோடா சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. எதிரே நிற்பவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார், மாவரைக்க வந்து வாசலில் காத்திருந்த அதே முகங்களை. யாராவது ஒருவர் உட்காரட்டும் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. எனக்கு அப்படித்தான் பட்டது.

பிறகு மௌனம் முடிந்தது என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதற்கு மேல் நாங்கள் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை.